மலையேறிய தேறல்



கணபதியிலிருந்து வடக்கே நோக்குவோர்க்கு, மழை ஓய்ந்த காலைப் பொழுதுகளில், நீலகிரி மலைத்தொடர் வானின் விளிம்பில் இழுத்துவிட்ட நீலக்கோடு போலத் தென்படும். அம்மலை இன்று தனி மாவட்டம். 1868ஆம் ஆண்டில் அது பிரிக்கப்படும் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. இடையே 1830 முதல் 1843 வரை அதன் மேற்குப் பகுதி மலபாரோடு சேர்க்கப்பட்டிருந்ததை விலக்கினால், மலைமேல் நடந்தவை யாவும் கோவை ஆட்சியரின் கணக்கிலேயே எழுதப்பட்டன. 1819இல் மலையேறிய ஜான் சல்லிவனும் கோவையின் ஆட்சியரே. அந்த நீலகிரியில் 1857ஆம் ஆண்டு தோன்றியது காசில் புரூவரி என்னும் பீர் ஆலை. எனவே தென்னாட்டின் பழைய பீர் ஆலைகளுள் ஒன்று கோவை மாவட்டத்து ஆலை என்று உரைப்பதில் தவறில்லை.

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் பீர் ஆலையைப் பற்றிய பேச்சு ஏன் என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். குடி தமிழ்ப் புலவர் தொடாத பொருளன்று. கள், நறவு, தேறல், மட்டு, அரியல், பிழி, தோப்பி என அதற்குச் சங்கநூல்கள் வழங்கும் பெயர்களே ஒரு சிறு நிகண்டுக்குப் போதும். அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல், புறநானூற்றின் 235ஆம் பாடல், அவன் தம்மோடு பகிர்ந்துகொண்ட கள்ளை நினைந்தே தொடங்குகிறது. திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். போற்றியவரும் தூற்றியவரும் அதனைத் தமிழில் பேசினர். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக இம்மண்ணில் வடிக்கப்படும் பீரைப் பற்றித்தான் தமிழ் வாய் திறக்கவில்லை. அதற்கென ஒரு சொல்லைக்கூட மக்கள் வழக்கு ஆக்கிக்கொள்ளவில்லை. பீர், பீராகவே நிற்கிறது. இந்த மௌனத்தின் காரணத்தைத் தேடிப் போனால், மலைமேல் ஓர் ஆலையின் கதையும் மலையடியில் ஒரு மரத்தின் கதையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதைக் காணலாம்.

முதலில் ஆலையின் கதை.

இங்கிலாந்திலிருந்து வந்த சிப்பாய்க்கும் துரைக்கும் பீர் என்பது கஞ்சி போன்றது. அஃதின்றி அவர்க்கு உணவு இறங்காது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் பௌ என்னும் பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் புறப்படும் துறைக்கு அருகே இருந்த வசதியால், இவ்வாணிகத்தில் முந்திக்கொண்டது. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் நிறுவனமும், அதன்பின் பாஸ் நிறுவனமும் போட்டிக்கு வந்தன. சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி நான்கு திங்கள், ஐந்து திங்கள் கடலில் உருண்டு, இருமுறை நிலநடுக்கோட்டைக் கடந்து, பீப்பாய்கள் சென்னையை வந்தடைந்தன. இவ்வளவு பயணத்தையும் தாங்க ஹாப் பூவை மிகுதியாகச் சேர்த்தனர். அக்கசப்பே காவலாயிற்று. இந்தியா பேல் ஏல் என்று பின்னர் பெயர் பெற்ற வகை அவ்வாறு நிலைபெற்றதுதான்.

கடல்கடந்து வந்த குடி தமிழர்க்குப் புதிதன்று. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த மதுவை, மகளிர் பொற்கலத்தில் ஏந்தித்தரப் பாண்டியன் நன்மாறன் உண்டு மகிழ வேண்டும் என்று நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் வாழ்த்துகிறார். அந்த மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் அரிக்கமேட்டிலும் கரூரிலும் கிடைத்துள்ளன. வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த உரோம நாணயங்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக அவ்வாணிகம் கொங்கு நாட்டை ஊடறுத்துச் சென்றதற்குச் சான்று. ஒரு வேறுபாடு உண்டு. யவனர் கொணர்ந்தது அரசன் உண்ண. வெள்ளையர் கொணர்ந்தது தாம் உண்ண. முன்னதைப் புலவர் பாடினார். பின்னது பாளையத்து மதிலுக்குள் தொடங்கி அங்கேயே முடிந்தது.

பீப்பாய்கள் வந்து சேர்ந்தாலும் விலை மிகுதி; கெட்டுப்போனவையும் மிகுதி. இங்கேயே வடித்தால் என்ன என்று எண்ணியவர்களுக்குச் சமவெளியின் வெம்மை தடையாயிற்று. பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் ஓர் உயிர்ப்பொருள். ஏல் வகைக்கு அது பதினைந்து முதல் இருபது பாகை செல்சியசு வெப்பநிலையில் அமைதியாக வேலை செய்யும். வெப்பம் மிகுந்தால் வெறிகொண்டு பொங்கிச் சுவையைக் கெடுத்துவிடும். உடன் புளிப்பேற்றும் நுண்ணுயிர்களும் புகுந்துகொள்ளும். சித்திரை மாதத்துக் கோவையில் அவ்வேலை நடவாது. ஆகவே பீர் மலையேறியது. இமயத்தின் அடிவாரத்தில் கசௌலியிலும், இன்றைய பாக்கிஸ்தானில் மரி மலையின் கோரா கலியிலும் ஆலைகள் எழுந்ததற்கும் இதுவே காரணம். மரி ஆலை 1860இல் தோன்றியது. இசுலாமிய நாடொன்றில், 1977இன் மதுவிலக்குச் சட்டத்தையும் கடந்து, அந்நிறுவனம் இன்றும் பீர் வடிக்கிறது என்பது வரலாற்றின் குறும்பு.

நீலகிரிக்குக் குளிர் மட்டுமன்றி வேறு வாய்ப்புகளும் இருந்தன. படகர் பெருமக்கள் தம் நிலங்களில் விளைவித்த தானியங்களுள் வாற்கோதுமையும் ஒன்று. மலையூற்றுகளில் தூய நீர் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடிப்பதற்கு ஆள் இருந்தது. ஜக்கதளா என்னும் படகர் ஊரின் அருகே 1852இல் தொடங்கிக் கட்டப்பட்ட பாசறை, பின்னர் வெலிங்டன் என்று பெயர் பெற்றது. வெள்ளைச் சிப்பாய்களுக்கு வாடிக்கையாக இருந்த குடி இந்நாட்டுச் சாராயம். அதனால் அவர்கள் நோயுற்றதும் செத்ததும் மேலிடத்தைக் கவலைகொள்ளச் செய்தன. இந்தியப் படையின் நலவாழ்வு குறித்து ஆராய்ந்த அரச ஆணையம் 1863இல் அளித்த அறிக்கையில், எரிசாராயத்தைக் குறைத்துப் பீரை அளிக்கலாம் என்னும் கருத்து இடம்பெற்றது. அதன்பின் மலை ஆலைகளின் பீரைப் படைத்துறை பெருமளவில் வாங்கலாயிற்று. உதகையிலும் அருவங்காட்டிலும் ஆலைகள் இயங்கின. ஏறத்தாழ இருநூற்று நாற்பது லிட்டர் கொள்ளும் பெரும்பீப்பாய்களை மாட்டுவண்டியில் ஏற்றி, மலைப்பாதையில் கட்டைபோட்டுக் கட்டைபோட்டு இறக்கினர். மேட்டுப்பாளையத்துக்கு இரயில் வந்தது 1873இல். குன்னூருக்கு மலைரயில் ஏறியது 1899இல். அதுவரை அந்தப் பீரைச் சுமந்தவை காளைகளே. வண்டியோட்டிய கொங்கு நாட்டார் தாம் இறக்குவது இன்ன பொருள் என்று அறிந்திருப்பர். அதன் சுவையை அறிந்திருப்பாரா என்பது வேறு.

இவ்விடத்தில் ஆலைக்குள் சற்றே நின்று பார்த்தல் தகும். பீர் வடிப்பின் உயிர்நிலை முளைகட்டுதல். வாற்கோதுமையை ஊறவைத்து முளைக்கச் செய்வர். முளைக்கும் தானியம் தன்னுள் உறங்கும் மாவைச் சர்க்கரையாக்கும் ஆற்றலைப் பெறுகிறது. அந்நிலையில் அதனை உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் கலந்தால் இனிய கூழ்நீர் கிடைக்கும். அதனைக் கொதிக்கவைத்து, ஹாப் பூ சேர்த்து, ஆறவிட்டு, ஈஸ்டைக் கலந்து புளிக்கவிடுவர். இக்கலை வெள்ளையரோடு கப்பலில் வந்ததென்றே பலரும் கருதுவர்.

பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டியவர் அவ்வாறு கருதார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைநாட்டு வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்து, அவர்தம் வீட்டில் கள் சமைக்கும் முறையைப் படிப்படியாக விளக்குகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குகின்றனர். அகன்ற வாயையுடைய பிழாவில் அதனை ஆற்றுகின்றனர். நெல்முளையை இடித்து அதில் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, வலிய வாயுடைய சாடியில் அது முதிர்ந்து விளைகிறது. பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர். இப்பகுதியில் வரும் அடை என்னும் சொல்லுக்கு நெல்முளை என்றே உரை கண்டனர். அம்முளைத் திரளின் தோற்றத்திற்குப் புலவர் காட்டும் உவமை, பாம்பு வாழும் புற்றினுள் இருக்கும் குரும்பி. முளைகட்டிய தானியத்தைத் துணியில் பொதிந்து எடுத்துப் பார்த்த எந்த வீட்டுப் பெண்ணுக்கும் இவ்வுவமையின் துல்லியம் விளங்கும். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பொலபொலவென்று கண்ணறைகளோடு நிற்கும் திரள் அது. புலவர் அதனைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் பாடியிருக்க வேண்டும்.

மாவைச் சர்க்கரையாக்க முளையைச் சேர்ப்பது, கூழை ஆற்றிய பின்னரே முளையைக் கலப்பது, மூடிய கலத்தில் நாட்கணக்கில் விளையவிடுவது ஆகிய மூன்றும் பீர் வடிப்பின் அடிப்படைகள். தானியம் நெல்லாக இருந்தது, ஹாப் பூ இல்லை என்னும் வேறுபாடுகளை நீக்கினால், சங்ககால வலைச்சியர் வடித்தது பீரே. அதே நூலில் எயினர் தம் வீட்டில் சமைத்து உண்ணும் தோப்பியும் நெல்லால் ஆன கள்ளே என்பர். மலைநாட்டாரும் பின்தங்கவில்லை. மூங்கிற் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலை மலைபடுகடாம் காட்டுகிறது. நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டினைப் பாரியின் பறம்பு நாட்டில் வைத்துப் பாடுகிறார் கபிலர். ஆங்கிலேயர் ஆலையின் நிலவறையில் பீப்பாய்களை அடுக்கியதன் நோக்கமும் அதுவே. ஆகவே 1857இல் நீலகிரியில் எழுந்த ஆலை தமிழ்நிலத்திற்கு ஒரு புதுக்கலையைக் கொணரவில்லை. இந்நிலத்தார் தம் கைவிட்ட கலையொன்றைப் பிறர் பெயரில் திரும்பக் கண்டனர். கண்டும் அடையாளம் தெரியவில்லை.

நெற்கள் எப்போது வழக்கொழிந்தது என்று ஆண்டு குறித்துச் சொல்ல இயலாது. அதன் இடத்தைப் பனையும் தென்னையும் நிரப்பின. மரத்துக் கள்ளுக்கு முளைகட்டவும் வேண்டா, கூழ் காய்ச்சவும் வேண்டா. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் மரமே சர்க்கரை நீரைச் சொட்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றில் உள்ள ஈஸ்ட் புகுந்து அன்றே கள். மறுநாள் வைத்தால் புளித்துக் காடியாகும். இந்த ஒருநாள் ஆயுளே கள்ளின் அழகு. அதன் கேடும் அதுவே.

மலை ஆலைகளின் பெருமை நெடுநாள் நிற்கவில்லை. 1870களில் கார்ல் ஃபான் லிண்டே என்னும் ஜெர்மானியப் பொறியாளர் பீர் ஆலைகளுக்கெனக் குளிரூட்டும் இயந்திரத்தை அமைத்தார். 1876இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டார். நுண்ணுயிரை அளவான சூட்டால் அழித்து, அடைத்த புட்டியைக் கெடாமல் காக்கும் முறை பரவியது. குளிரை இயந்திரம் தருமாயின் மலைக்கு ஏன் ஏறவேண்டும்? அதுமட்டுமன்று, மலையின் குளிரைக் காட்டிலும் மிகுந்த குளிரில் பல வாரங்கள் கிடந்து விளையும் லாகர் என்னும் வகையைச் சமவெளியிலேயே வடிக்கலாயினர். ஆண்டுக்கணக்கில் மலையேறிய பீர் மெல்ல இறங்கத் தொடங்கியது.

1915ஆம் ஆண்டு தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், காசில் ஆலையும் நீலகிரி ஆலையும் உட்பட தென்னாட்டு ஆலைகள் ஐந்தினை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் என்னும் நிறுவனத்தை உருவாக்கினார். ஐந்தனுள் மூத்தது காசில் ஆலையே. நாடு விடுதலை பெற்ற 1947இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார்.  அடுத்த ஆண்டே தலைவருமானார். நிறுவனத்தின் மையம் பெங்களூர் ஆயிற்று. 1978இல் கிங்ஃபிஷர் என்னும் பெயரில் அது வெளியிட்ட லாகர், இந்தியாவிலேயே மிகுதியாக விற்கும் பீராக வளர்ந்தது. 2021இல் நெதர்லாந்தின் ஹைனகன் நிறுவனம் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்று ஆட்சியைக் கைக்கொண்டது. ஹைனகன் தோன்றியது 1864இல். நீலகிரி ஆலை அதனினும் ஏழாண்டு மூத்தது.

புட்டியின் மேல் ஒரு மீன்கொத்திப் பறவை உண்டு. சங்கத்தமிழில் அதன் பெயர் சிரல். பொன்னிற வாயும் நீலமணி நிறமும் கொண்டதாகச் சிறுபாணாற்றுப்படை அதனைப் பாடுகிறது. அப்புட்டியை ஏந்தும் தமிழருள் எத்தனை பேர் அப்பெயர் அறிவர்?

இனி மலையடியில் நின்ற மரத்தின் கதை.

மலைமேல் பீரைச் சிப்பாய்க்கு மருந்துபோல் அளித்த அதே அரசு, கீழே கள்ளை வருவாயாகக் கண்டது. 1886இன் சென்னை ஆப்காரிச் சட்டம் கள் இறக்கும் உரிமையை அரசின் பிடிக்குள் கொணர்ந்தது. கள் இறக்கும் மரமொன்றுக்கு வரி, கடைக்கு ஏலம். ஏல உரிமையாளர் இலாபம் காண வேண்டுமெனில் ஊர் குடிக்க வேண்டும். ஊர் குடித்தது. குடியின் கேட்டைக் கொங்கு நாட்டுப் பெண்கள் அறிந்த அளவு வேறு எவரும் அறிந்திலர். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது அதன் முன்னணியில் நின்றவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மாளும் என்பது தற்செயலன்று. அக்காலத்தில் காங்கிரசிலிருந்த பெரியார், தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். 1925இல் திருச்செங்கோட்டருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய இராஜாஜி, மதுவிலக்கிற்கெனவே 1929இல் விமோசனம் என்னும் இதழை நடத்தினார். அதில் அவருக்குத் துணைநின்றவர் கல்கி. தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியில் மதுவிலக்கிற்கும் ஒரு பங்கு உண்டு என்று கூறினால் மிகையாகாது. 1937இல் சென்னை மாகாண முதலமைச்சரான இராஜாஜி, மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது தம் சேலம் மாவட்டத்தில். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொணர்ந்தார். மளிகைக் கடையில் இன்று ஒவ்வொருவரும் செலுத்தும் வரியின் வேர் கள்ளுக்கலயத்தில் இருக்கிறது.

அதன்பின் நடந்தவை பலரும் அறிந்தவை. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு, 1971இல் தளர்வு, சில ஆண்டுகளில் மீண்டும் இறுக்கம், 1981இல் மீண்டும் திறப்பு, 1983இல் டாஸ்மாக், 1987 சனவரி முதல் கள்ளுக்குத் தடை, 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துதல். இத்தனை ஏற்ற இறக்கங்களுக்கும் பின்னர் நிற்கும் நிலை இதுதான்: அரசுக் கடையில் பீர் கிடைக்கும்; தன் தென்னையிலிருந்து ஒரு கலயம் கள் இறக்கும் கொங்கு வேளாளரும் மரமேறியும் குற்றவாளிகள். கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு. பீரிலும் ஏறத்தாழ அவ்வளவே. வலுமிகு பீர் என விற்பதில் எட்டு வரை ஏறும். போதையின் அளவு கொண்டு இவ்வேறுபாட்டை நியாயப்படுத்த இயலாது. கலப்படம் என்னும் காரணம் கூறப்படுகிறது. அது பொய்யன்று, கலப்படக் கள்ளால் குடும்பங்கள் அழிந்ததுண்டு. ஆயினும் கலப்படத்தைத் தடுப்பது வேறு, பொருளையே தடுப்பது வேறு.

உண்மைக் காரணம் கலயத்தின் வாயில் இருக்கிறது. பீரை மூடி முத்திரையிடலாம், எண்ணலாம், கிடங்கில் அடுக்கலாம், ஆறு மாதம் கழித்து விற்கலாம், ஒவ்வொரு புட்டிக்கும் வரி கொள்ளலாம். கள் மூடினால் பொங்கும், வைத்தால் புளிக்கும், ஆயிரம் தோப்புகளில் ஆயிரம் கலயங்களாகச் சிதறிக் கிடக்கும். எண்ணத் தெரிந்த ஆட்சிக்கு எண்ணக்கூடிய பொருளே உகந்தது. பீருக்கு நிறுவனம் உண்டு, ஆண்டறிக்கை உண்டு, நிறுவனர் படம் உண்டு. ஆகவே வரலாறும் உண்டு. கள்ளுக்கு இருந்தது இலக்கியம் ஒன்றே. அதையும் உரையாசிரியர் துணையின்றிப் படிக்க முடியாத நிலை வந்துவிட்டது.

இதனைக் கூறுவது குடியை உயர்த்துவதாகாது. நாகம்மையார் மறியல் செய்த மண்ணில் அவ்வாறு பேச எவர்க்கும் உரிமையில்லை. மதுவே வேண்டா என்பாரின் நிலைப்பாடு நேர்மையானது; வள்ளுவரின் நிலைப்பாடு அது. புட்டியைத் திறந்துவைத்துக் கலயத்தை உடைப்பதற்கு அத்தகைய நேர்மை இல்லை. கேரள அரசு 1996இல் சாராயத்தைத் தடுத்தபோது கள்ளை விட்டுவைத்தது. கோவையிலிருந்து வாளையாற்றைக் கடந்தால் பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டம். தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராய் வாழும் நிலம் அது. அங்குள்ள தென்னைகளில் கலயங்கள் தொங்குகின்றன. இறக்கிய கள் அன்றே ஊர்தியேறிக் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குச் செல்கிறது. எல்லையின் இப்பக்கம் பொள்ளாச்சித் தோப்புகளில் அதே தென்னை, அதே காற்று.

ஒரு தொழில் நின்றால் அதன் சொற்கள் ஒரு தலைமுறைக்குள் உதிர்ந்துவிடும். பாளை சீவுதல், முட்டி கட்டுதல் என்பவற்றைக் கொங்கு நாட்டு முதியோர் இன்னும் பொருளறிந்து சொல்கின்றனர். 1987க்குப் பின் பிறந்த கவிஞர்க்கு அவை சொற்கள் மட்டுமே. அவர்கள் எழுதும் கவிதையில் பனை வருகிறது, கலயமும் வருகிறது. மரத்தின் மேல் ஆள் இல்லை. தோப்பி என்னும் சொல் பெரும்பாணாற்றுப்படைக்குள் சென்று ஒடுங்கியதும் இவ்வாறே நிகழ்ந்திருக்கும். நெல்முளையை இடித்த கைகள் ஒருநாள் நின்றன; அதன்பின் அச்சொல்லுக்கு உரை தேவைப்பட்டது.